கூடை, கயிறு, துணி: மண்ணுக்கடியில் கிடைத்தவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பழங்காலப் பொருள்கள் பற்றிப் பேசுவது என் வழக்கம். கல் கோடரி, பானை ஓடு, காசு என்று பேசினால் கூட்டம் பேசாமல் கேட்கும். கூடை, கயிறு, துணி என்று ஆரம்பித்தால் உடனே கைகள் உயரும். கேட்கும் ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே வைத்துவிட்டேன். முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாமல், எங்கே சொன்னேன் என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

ஓலைப்பெட்டி இரண்டு மழைக்காலம் தாங்காது. ஆயிரக்கணக்கான வருடம் எப்படிக் கிடக்கும்?

பெரும்பாலும் கிடக்காது. நாரை மக்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரம், காற்று, மிதமான சூடு மூன்றும் வேண்டும். ஒன்று அடியோடு இல்லாவிட்டால் நார் பிழைத்துக்கொள்ளும். எகிப்திலும் பெருவின் கடற்கரைப் பாலையிலும் ஈரம் இல்லை. ஆல்ப்ஸ் பனியில் சூடு இல்லை. 1991இல் அங்கே கிடைத்த 5,300 வருடப் பழைய பனிமனிதனோடு, புல்லால் பின்னிய பாய் ஒன்றும் கிடைத்தது. சதுப்பு நிலத்தில் காற்று இல்லை. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் சுரங்கத்தில் உப்பே கந்தல் துணிகளை நிறம் மாறாமல் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறது. தீயும் சில நேரம் உதவும். இங்கிலாந்தில் மஸ்ட் ஃபார்ம் என்ற இடத்தில் கி.மு. 850 வாக்கில் கம்பங்கள் மேல் கட்டிய வீடுகள் எரிந்து ஆற்றுக்குள் சரிந்தன. நூல் உருண்டைகள் கருகிய நிலையில் அப்படியே சேற்றில் கிடந்தன.

மண்ணின் குணத்தையும் பார்க்க வேண்டும். டென்மார்க்கின் அமிலச் சதுப்பில் ஆட்டு ரோமத் துணி நிற்கும், செடி நாரில் நெய்த துணி கரைந்துவிடும். 1879இல் ஹுல்ட்ரமோஸ் சதுப்பில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. ரோம ஆடைகளோடு இருந்தாள். அதற்கு உள்ளே செடி நாரில் இன்னொரு ஆடை உடுத்தியிருக்கலாம் என்பதே பல வருடம் கழித்து, தோலில் பதிந்திருந்த நூல் தடத்தைப் பார்த்துத்தான் தெரிய வந்தது. நம் கைக்கு வருவது பழங்காலத்தார் உடுத்தியதில் மண் விட்டுவைத்த பங்கு மட்டும். நம் ஊரில் மழையோடும் வெயிலோடும் கறையானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்கு ஏன் இவ்வளவு குறைவு என்று புரியும்.

சரி, துணியே கிடைக்காத இடத்தில் துணி இருந்தது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

தடத்தை வைத்துத்தான். ஈரக் களிமண்ணை ஒரு பாயின் மேல் வைத்து எடுத்தால் அடியில் பாயின் கண்கள் பதியும். பாய் மக்கிப் போகும், சுட்ட களிமண் போகாது. செக் குடியரசின் தோல்னி வெஸ்தோனிட்சே, பாவ்லோவ் ஆகிய இடங்களில் சுமார் 27,000 வருடத்துக்கு முந்தைய களிமண் துண்டுகளில் இப்படிப் பதிந்த பின்னல்களை ஓல்கா சாஃபரும் ஜேம்ஸ் அடோவாசியோவும் அடையாளம் கண்டார்கள். மாமூத் யானைக் காலத்து வேட்டைக்காரர்கள் என்றாலே தோல் போர்த்தியவர்களாகத்தான் படம் வரைவோம். அவர்கள் முறுக்கிய நூலில் துணி பின்னியிருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு முழுக் காலகட்டத்துக்கே பெயர் ஜோமோன், அதாவது கயிற்றுத் தடம். பானையின் மேல் கயிறு உருட்டிப் பதித்த வடிவத்தால் வந்த பெயர் அது.

இன்னொரு வழி உலோகம். செம்பும் வெள்ளியும் துருப்பிடிக்கும்போது வரும் உப்பு நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. அதை ஒட்டிக் கிடக்கும் நூல் தப்பும், சில சமயம் நூலின் இடத்தில் உலோக உப்பே ஏறி அச்சாக நிற்கும். மொகஞ்சதாரோவில் 1920களில் ஜான் மார்ஷல் குழுவுக்குப் பருத்தித் துணி கிடைத்தது ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டுதான்.

முதலில் வந்தது கூடையா, துணியா?

கயிறு! அதை யாரும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கயிறு இருந்தால்தான் வலை, பை, தூண்டில், வில், கட்டுமரம் எல்லாம்.

பிரான்சில் அப்ரி து மாரா என்ற பாறை ஒதுங்கிடத்தில் ஒரு கல் கருவியின் அடியில் ஒட்டியிருந்த துணுக்கை 2020இல் வெளியிட்டார்கள். நீளம் 6.2 மில்லிமீட்டர், ஓர் அரிசி அளவு. நுண்ணோக்கியில் பார்த்தால் மரப்பட்டையின் உள்நார் மூன்று புரிகளாக ஒரு பக்கம் முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறது. நாம் முப்புரி என்று சொல்வது அதேதான். வயது 41,000 முதல் 52,000 வருடம். செய்தவர்கள் நியாண்டர்தால்கள், அதாவது ஐரோப்பாவில் வாழ்ந்து அழிந்துபோன இன்னொரு மனித இனம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் தேங்காய் நாரைக் கையில் கொடுத்துவிடுவேன். இரண்டு பிரியை எடுத்துத் தொடை மேல் வைத்து உள்ளங்கையால் முன்னோக்கி உருட்டுங்கள். தனித்தனியாக முறுக்கேறும். விட்டால் பிரிந்துவிடும். விடாமல் இரண்டையும் ஒட்டிப் பின்னோக்கி இழுங்கள். ஒன்றையொன்று எதிர்த்து இறுகிக்கொள்ளும், இனி விட்டாலும் பிரியாது. முறுக்குக்கு எதிர்முறுக்கு போட்டால் நிற்கும் என்பது தற்செயலாக ஒரு முறை கைவந்தாலும், திரும்பத் திரும்பச் செய்யவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் மூளை வேண்டும்.

எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்று புத்தகத்தில் வருகிறது. அதனால் என்ன தெரியும்?

நூலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முறுக்கின் வரிகள் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழே சரிந்தால் ஆங்கில எஸ் எழுத்தின் நடுக்கோடு மாதிரி, எதிராகச் சரிந்தால் இசட் எழுத்தின் நடுக்கோடு மாதிரி. அவ்வளவுதான். ஆனால் ஒரு ஊரில் எல்லோரும் தாயிடம் கற்ற பக்கமே முறுக்குவார்கள். யாரும் யோசித்து மாற்றுவதில்லை. அதனால் இது கையெழுத்து மாதிரி.

செங்கடல் கரையில் எகிப்தின் பெரெனிகே துறைமுகக் குப்பையில் ரோமர் காலத்துத் துணிகள் ஏராளம். எகிப்தியர் காலங்காலமாக எஸ் பக்கம் நூற்றவர்கள். அங்கே கிடைத்த பருத்தித் துணிகளில் ஒரு பகுதியோ பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) இரண்டுமே இசட் முறுக்கு. அது இந்திய நூற்பு என்று ஜான் பீட்டர் வைல்ட், ஃபெலிசிட்டி வைல்ட் தம்பதி காட்டினார்கள். அவற்றில் கப்பல் பாய்த் துணியும் உண்டு. துணியில் பெயர் எழுதியில்லை, முத்திரை இல்லை. நூற்ற கை எந்தப் பக்கம் திரும்பியது என்பது மட்டும் இரண்டாயிரம் வருடம் கழித்தும் இருக்கிறது.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஊகம்தானே?

ஊகம் இல்லை, கார்பன் 14 முறை. உயிர் போனபின் குறைந்துகொண்டே போகும் ஒரு வகைக் கார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். புல்லும் பருத்தியும் இதில் மரத்தைவிட நம்பகமானவை. ஒரு தேக்கு உத்தரத்தின் நடுவயிரம், மரம் வெட்டுவதற்கு இருநூறு வருடம் முன்பே வளர்ந்ததாக இருக்கலாம். கூடைக்கு அறுத்த கோரையோ அந்த வருடத்துக் கோரை. இன்று சில மில்லிகிராம் போதும், நூலில் ஒரு நுனி.

இதன் பலனை முதலில் அனுபவித்தவர்களில் ஒருவர் லூதர் கிரெஸ்மன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து ஃபோர்ட் ராக் குகையில் 1938இல், எரிமலைச் சாம்பலுக்கு அடியில், புதர்ப் பட்டையால் பின்னிய செருப்புகளை டஜன் கணக்கில் கண்டெடுத்தார். மிகப் பழையவை என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. கார்பன் முறை வந்தபின் 1951இல் சோதித்தால் சுமார் 9,000 வருடம் என்று வந்தது. தட்டையான அடி, நெருக்கமான இரட்டைப் பின்னல், விரல்களை மூட முன்பக்கம் ஒரு மடல். அளவுகளில் பெரியவர்களுடையதும் உண்டு, சிறுவர்களுடையதும் உண்டு.

பானை வருவதற்கு முன் கூடையிலா சமைத்தார்கள்? ஒழுகாதா, எரியாதா?

ஒழுகாதபடி பின்னலாம், ஒழுகினால் பூசலாம். சாக்கடல் பக்கத்து நஹல் ஹேமார் குகையில் சுமார் 9,000 வருடம் பழைய, கயிற்றைச் சுருட்டிச் செய்து கீல் (தார் மாதிரியான நிலக்கீல்) பூசிய கூடைக் கலங்கள் கிடைத்தன. பலுசிஸ்தானின் மெஹர்கரிலும் பானை வராத அடுக்குகளில் கீல் பூசிய கூடைகள் உண்டு. எரியாமல் இருக்க அடுப்பில் வைக்காமலே சமைப்பார்கள். கல்லை நெருப்பில் சுட்டுக் கூடைக்குள்ளிருக்கும் கூழில் போட்டுக் கிளறுவது. கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகள் ஓக் கொட்டைக் கூழை இப்படித்தான் காய்ச்சினார்கள். கல்லை அசைக்காமல் விட்டால் கூடை கருகும், அதனால் ஓயாமல் துழாவ வேண்டும்.

சேமிப்புக்கும் கூடைதான். எகிப்தின் ஃபாயூமில் 1920களில் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் தோண்டிய தானியக் குழிகளின் உட்சுவர் முழுக்க வைக்கோலால் செய்த சுருள் பின்னல். மேட்டில் குழி, உள்ளே கூடை, அதற்குள் தானியம். வைக்கோல் புரியைச் சுற்றி விதைக்கோட்டை கட்டிச் சாணி மெழுகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

ஒரு கூடையைப் பார்த்து அதைப் பின்னியவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

சில நேரம் ஆச்சரியப்படுகிற அளவுக்கு. 2021இல் யூதேயப் பாலைவனத்தின் முரபாத் குகையில் மூடியோடு முழுதாக ஒரு கூடை கிடைத்தது. வயது சுமார் 10,500 வருடம், அந்தப் பகுதியில் பானை வருவதற்கு முந்தியது. 90 முதல் 100 லிட்டர் கொள்ளும், ஏறக்குறைய நெல் மூட்டை அளவு. பின்னல் சாய்வை ஆராய்ந்தவர்கள், இதைப் பின்னியவர்கள் இருவர், அவர்களில் ஒருவர் இடக்கைக்காரர் என்றார்கள். எதிரெதிரே உட்கார்ந்து பின்னினார்களா, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினாரா என்று கூடை சொல்லாது. உள்ளே எதுவும் இல்லை, காலி.

ஓர் எச்சரிக்கை. ஒரு கூடையில் சாய்வு மாறினால் கை மாறியதாகச் சொல்லலாம். ஒரு ஊர்க் கூடைகள் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் ஊரே இடக்கை என்று முடிவு கட்டக் கூடாது. மேலே முறுக்குக் கேள்வியில் சொன்ன பழக்கம்தான் அது.

கிடைத்ததிலேயே பழைய உடை எது?

தைத்து, நெய்த துணியில் அறியப்பட்டதில் பழையது எகிப்தின் தர்க்கான் சட்டை. 1913 வாக்கில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே தோண்டியபோது அழுக்குத் துணி மூட்டை ஒன்றும் வந்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1977இல் லண்டனில் சுத்தம் செய்யக் கொடுத்தபோதுதான் உள்ளே ஒரு ஆடை இருப்பது தெரிந்தது. ஆளி நார்த் துணி, ‘வி’ வடிவக் கழுத்து, தோளிலும் கையிலும் சீராக எடுத்த மடிப்புகள், நூலிலேயே ஒரு சாம்பல் நிறக் கோடு. 2016இல் வெளியான கார்பன் கணக்கு கி.மு. 3482க்கும் 3102க்கும் இடையில் என்றது.

எனக்குப் பிடித்தது வயது அல்ல. முழங்கையிலும் அக்குளிலும் துணி கசங்கி இழைந்திருக்கிறது. பிணத்துக்கென்று புதிதாகத் தைத்ததாக இருந்தால் அந்தச் சுருக்கம் வராது, உயிரோடு இருந்த யாரோ உடுத்தி வேலை செய்திருக்கிறார். கிடைத்தபோது ஆடை உள்புறம் வெளியே வந்த நிலையில் இருந்தது. தலைவழியாக இழுத்துக் கழற்றினால் அப்படித்தான் வரும், நம் பிள்ளைகள் பள்ளிச் சட்டையைக் கழற்றிப் போடுவதைப் பாருங்கள். கீழ் விளிம்பு போய்விட்டதால் முழங்கால் வரையா, கணுக்கால் வரையா என்று தெரியாது.

பருத்தி நம்முடையதுதானே? உலகத்துக்கே நாம்தான் கொடுத்தோம் என்கிறார்களே?

பாதி சரி. மெஹர்கர் கல்லறை ஒன்றில், சுமார் எட்டாயிரம் வருடத்துக்கு முற்பட்ட செம்பு மணிக்குள் பருத்தி நூல் கிடைத்தது. மேலே சொன்ன உலோக உப்பு வேலைதான். பழைய உலகில் பருத்தியின் மிகப் பழைய தடங்களில் ஒன்று அது. ரோமர் காலத்தில் மேற்கே போன மெல்லிய பருத்தித் துணிக்கு இந்தியத் துணைக்கண்டம் பேர்போனது என்பதிலும் ஐயமில்லை.

ஆனால் பருத்தி ஒரே செடி இல்லை. நம் நாட்டுப் பருத்தி வேறு இனம், தென்னமெரிக்கப் பருத்தி வேறு இனம். பெருவின் கடற்கரைக்காரர்கள் யாரிடமும் கேட்காமல் தாங்களே அதைப் பழக்கினார்கள். அங்கே உவாக்கா பிரியேத்தா என்ற மேட்டில் 1946–47இல் ஜூனியஸ் பேர்ட் தோண்டியெடுத்த துணிகளைப் பார்த்தால் பழைய கந்தல் போலத்தான் இருக்கும். அவர் ஒவ்வொரு நூலும் எங்கே நகர்ந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தாளில் புள்ளி வைத்தார். வயிற்றுக்குள் பாம்போடு சிறகு விரித்த கழுகு தாளில் வந்தது! நிறம் வெளுத்துப் போனாலும் பின்னலில் படம் இருந்தது.

சாயம் எப்போது வந்தது?

அதே மேட்டிலிருந்துதான் விடை. அங்கே கிடைத்த சுமார் 6,000 வருடப் பழைய பருத்தித் துணியில் அவுரி நீலம் இருப்பதை 2016இல் வேதிச் சோதனையில் கண்டார்கள். அறியப்பட்ட அவுரிச் சாயத்தில் அது மிகப் பழையது. மொகஞ்சதாரோத் துணியில் மஞ்சிட்டிச் சிவப்பு. இஸ்ரேலின் திம்னா செம்புச் சுரங்கப் பகுதியில் சுமார் 3,000 வருடம் பழைய ரோமத் துணுக்குகளில், கடல் நத்தையிலிருந்து எடுக்கும் ஊதாச் சாயம். அந்த நத்தை வாழும் மத்தியதரைக் கடலிலிருந்து வெகுதூரத்தில், பாலைவனச் சுரங்கத்தில் இவ்வளவு விலையுயர்ந்த சாயம் என்றால், அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கூலியாட்கள் இல்லை என்றாகிறது.

கீழடியில் துணி கிடைத்ததா?

இல்லை. கிடைத்தவை தக்களிகள், கூர்மையான எலும்பு முனைகள், நூலைத் தொங்கவிடும் எடைகள், செம்பு ஊசி போன்றவை. இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் அங்கே நூற்பும் நெசவும் நடந்தது என்று தமிழகத் தொல்லியல் துறை சொல்கிறது. தக்களியை லேசாக நினைக்க வேண்டாம். எடை குறைந்த தக்களியில்தான் மெல்லிய நூல் வரும், கனத்ததைப் போட்டால் மெல்லிய நூல் அறும். தக்களியைத் தராசில் வைத்தாலே எப்படிப்பட்ட நூல் என்று ஓரளவு தெரியும். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் கண்ட செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டி என்பார்கள். அது தொட்டியின் அமைப்பை வைத்து அவர் கருதியது, சாயம் ஒட்டியிருந்ததைப் பார்த்து அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

துணிக்கான சாட்சி சில நேரம் வெளியூரில் கிடைக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது, அது உறையூர் என்பது பெரும்பாலோர் கருத்து. பெரெனிகேத் துணிகளை முன்பே சொன்னேன், ஆனால் அவை இந்தியாவில் எந்தத் தறியில் நெய்தவை என்று முறுக்கு சொல்லாது.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது. அதே செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் துறைமுகத்தில் ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதை, உறியில் தொங்கவிடும் பானை என்று விளக்கினார். உறி என்பது கயிற்று வலை. அந்தக் கயிறு மக்கிப்போய் இரண்டாயிரம் வருடம் ஆகிறது. அதன் பெயரை மட்டும் பானை சுமந்துகொண்டிருக்கிறது.

நெசவு எல்லாம் பெண்கள் வேலை என்பது சரியா?

ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். எகிப்தில் தரையோடு படுத்த தறியில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஓவியங்கள் பழையவை, பிற்காலத்து நிமிர்ந்த தறியில் ஆண்கள் வருகிறார்கள். நூற்பைப் பொறுத்தவரை நம் பக்கத்துச் சாட்சி தெளிவு. புறநானூறு ‘பருத்திப் பெண்டு’ என்கிறது. நற்றிணை ஆணில்லாத பெண்கள் தங்கள் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவலை மேகத்துக்கு உவமை சொல்கிறது. அதாவது துணையில்லாத பெண் பிழைத்துக்கொள்ளும் தொழிலாக நூற்பு இருந்திருக்கிறது. குகையில் கிடைத்த கயிற்றைப் பார்த்து மட்டும் ஆண் கையா, பெண் கையா என்று சொல்ல முடியாது. சொல்பவரிடம் எப்படி என்று கேளுங்கள்.

நூலில் எழுத முடியுமா? இன்கா முடிச்சுகள் கதை உண்மையா?

உண்மை. நூல் என்ற சொல் நமக்குப் புத்தகத்தையும் குறிக்கும், அதை வைத்துச் சிலேடை பேசுவோம். இன்காக்களுக்கு அது சிலேடையே இல்லை. ‘கிப்பு’ என்ற கயிற்றுத் தொகுதியில் ஒரு முதன்மைக் கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். முடிச்சின் வகையும் இடமும் ஒன்று, பத்து, நூறு என்று எண்ணைக் காட்டும். பத்தடிமானக் கணக்கு இது என்று லேலண்ட் லாக் 1912இல் காட்டினார். எண்ணைத் தாண்டிக் கதையும் பெயரும் அதில் உண்டா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் தப்பாகச் சொன்னது உண்டா, இல்லை எல்லாம் வேதவாக்கா?

நிறைய உண்டு, அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. துருக்கியின் சாட்டல்ஹுயுக்கில் 1960களில் துணி கிடைத்ததிலிருந்து ஆட்டு ரோமமா, ஆளி நாரா என்று இரண்டு கட்சி. அறுபது வருடம் கழித்து, 2021இல் நுண்ணோக்கியில் பார்த்த மூவர், இரண்டும் இல்லை, ஓக் மரப்பட்டையின் உள்நார் என்றார்கள். எட்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய துணி, கைக்கெட்டிய மரத்திலிருந்தே. ஆடும் வயலும் வந்தபின்தான் துணி என்று நினைத்துப் பழகியதால் மரம் யாருக்கும் தோன்றவில்லை.

ஜார்ஜியாவின் ஜுஜுவானா குகையில் 30,000 வருடப் பழைய சாயமேற்றிய ஆளி நார்கள் என்று 2009இல் பெரிய செய்தி. அடுத்த வருடமே வேறு சிலர், இவ்வளவு சேதமான நாரை ஆளி என்று அடித்துச் சொல்ல முடியாது என்று மறுத்தார்கள். டென்மார்க்கின் எக்ட்வெட் பெண், கி.மு. 1370இல் ஓக் பெட்டியில் புதைக்கப்பட்டவள், தொங்கும் கயிறுகளால் ஆன குட்டைப் பாவாடை அணிந்தவள். அவள் ரோம ஆடை டென்மார்க்குக்கு வெளியே வளர்ந்த ஆட்டுடையது, அவளே தெற்கிலிருந்து வந்தவள் என்று 2015இல், மண்ணுக்கு மண் மாறுபடும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை அளந்து சொன்னார்கள். 2019இல் இன்னொரு குழு, அந்த வட்டாரத்து அளவுகளையே இன்றைய வயல்களில் போடும் சுண்ணாம்பு கெடுத்துவிட்டது, அவள் உள்ளூராகவே இருக்கலாம் என்றது. இப்படி ஒரு வழக்கைப் பார்க்கும்போது எனக்கு முதல் தீர்ப்பைவிட மறுப்பில்தான் அதிகம் கற்றுக்கொள்ளக் கிடைக்கிறது.

ஸ்பெயினின் அல்புன்யோல் ஊர் வௌவால் குகை வேறு மாதிரி. 1857இல் ஈயம் தோண்டப் போனவர்கள் உள்ளே உலர்ந்த உடல்களையும் புல் கூடைகளையும் கண்டு, எடுத்தவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிதறடித்தார்கள். பத்து வருடம் கழித்து மனுவேல் தே கோங்கோரா என்பவர் வீடு வீடாக விசாரித்து மீட்டதுதான் இன்று இருக்கிறது. எல்லாம் விவசாயம் வந்த காலத்தவை என்றே வைத்திருந்தார்கள். 76 பொருள்களைத் திரும்ப ஆராய்ந்து 2023இல் வெளியிட்டபோது சில கூடைகள் 9,500 வருடம் என்று வந்தது. அங்கே விவசாயம் வருவதற்கு இரண்டாயிரம் வருடம் முன்பு. பின்னலோ இன்றைய கைவினைக் கடையில் வைத்தால் விலை கேட்பீர்கள், அவ்வளவு நேர்த்தி. நேர்த்தி இருந்தால் பிற்காலம் என்று நினைத்ததுதான் தப்பு.

துணியை அவ்வளவு விலையுயர்ந்ததாக ஏன் சொல்கிறீர்கள்? துணிதானே!

ஒரு முழ நூலைத் தக்களியில் நூற்றுப் பாருங்கள், இந்தக் கேள்வி வராது. தறியில் ஒரு நாள் ஓட வேண்டிய நூலுக்குப் பல நாள் நூற்க வேண்டும். அதனால்தான் யாரும் எதையும் எறியவில்லை. ஹால்ஸ்டாட் சுரங்கத்தில் கிடைத்தவற்றில் பல, ஒட்டுப்போட்டு உடுத்தி, கிழிந்தபின் சுரங்க வேலைக்குக் கட்டுத்துணியாகக் கொண்டு வந்தவை. இன்காக்கள் படைவீரருக்குக் கூலியாகவும் பெரியவர்களுக்குப் பரிசாகவும் துணியைக் கொடுத்தார்கள், கிடங்குகள் கட்டி அடுக்கினார்கள். உள்ளே வந்த ஸ்பானியர்கள் தங்கத்தைத் தேடினார்கள்.

எங்கள் வீட்டில் பாட்டி பின்னிய ஓலைப்பெட்டி, பழைய கைத்தறிச் சேலை இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாதவை: கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பெட்டியில் பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையின் குளிர் முழுக்கப் போகும் வரை திறக்காமல் இருங்கள். சேலையை ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் மடிப்பில்தான் முதலில் கிழியும். பழைய வேட்டித் துணியில் சுருட்டி வைப்பது நல்லது, பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடிக்கும். கிணறு தோண்டும்போது மண்ணிலிருந்து கயிறோ துணியோ வந்தால் காய விடாமல், அந்த மண்ணோடே வைத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். நனைந்து கிடந்த நார் காய்ந்தால் தூளாகும்.

அப்புறம் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். பெட்டி என்பதா, கடகம் என்பதா, கொட்டான் என்பதா, மூலை திருப்புவதற்கு என்ன பெயர், ஓலையை எத்தனை நாள் பனியில் போடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்தால் முகத்தை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த விரல் ஓலையைப் பிடிக்கிறது, எந்தப் பக்கம் மடிக்கிறது என்று கை தெளிவாகத் தெரியட்டும்.